பெயரடையோடு சேரும் வினையடை: ஆங்கிலத்தில் நாம் இடறும் இடங்கள்

அலுவலகக் கடிதங்களையும் வேலை விண்ணப்பங்களையும் திருத்திக் கொடுப்பது என் தொழில். காலம், ஒருமை பன்மை ஆகியவற்றில் நேரும் பிழைகளை எழுதியவரே மறுவாசிப்பில் கண்டுகொள்வார். அவர் தவறவிட்டாலும் படிப்பவர் பொருளை ஊகித்துக்கொண்டு மேலே சென்றுவிடுவார். பெயரடைக்கு (அட்ஜெக்டிவ்) துணையாக வரும் வினையடை (அட்வெர்ப்) பிசகினால் நிலைமை வேறு. வாக்கியம் இலக்கணப்படி பழுதில்லாமல் நின்றுகொண்டே, எழுதியவர் நினைக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறது.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது ‘டூ’ என்ற சிறு சொல்தான். மேலாளர் ஒருவர் தம் குழுவினர் தயாரித்த அறிக்கையைப் பாராட்ட எண்ணி, ‘யுவர் ரிப்போர்ட் இஸ் டூ டீடெய்ல்ட்’ என்று எழுதியிருந்தார். பெற்றவரோ அதைக் குறையாக எடுத்துக்கொண்டு அடுத்த அறிக்கையைப் பாதியாகச் சுருக்கிவிட்டார். சுருங்கியதற்குக் காரணம் கேட்டு மேலாளர் எழுதவிருந்த கடிதம் திருத்தத்துக்கு வந்தபோது, பழைய மின்னஞ்சல்களையும் சேர்த்துப் படித்ததில்தான் விஷயம் விளங்கியது. ‘வெரி டீடெய்ல்ட்’ என்றால் மிக விரிவானது. அதில் பாராட்டுக்கு இடமுண்டு. ‘டூ டீடெய்ல்ட்’ என்றால் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது, அதனால் ஏதோ ஒன்று கெடுகிறது என்று பொருள். பேச்சில் ‘ரொம்ப’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துப் பழகியவர்களுக்கு இந்த எல்லைக்கோடு எளிதில் கண்ணில் படுவதில்லை.

‘டூ’ தனக்குள் ஓர் எதிர்மறையை ஒளித்து வைத்திருக்கிறது. ‘தி பாக்ஸ் இஸ் டூ ஹெவி டு லிஃப்ட்’ என்ற வாக்கியத்தில் ‘நாட்’ எங்கும் இல்லை. ஆனாலும் பெட்டியைத் தூக்க முடியாது என்பதே அதன் பொருள். அந்த எதிர்மறை வெளிப்படையாகத் தெரியாததால், பலர் ‘டூ ஹெவி தட் ஐ கான்ட் லிஃப்ட் இட்’ என்று எழுதி, ‘ஸோ ஹெவி தட்’ என்ற வேறோர் அமைப்போடு அதைக் கலந்துவிடுகிறார்கள். ‘ஸோ’ வந்தால் ‘தட்’ வரும்; ‘டூ’ வந்தால் ‘டு’ வரும். அதோடு, ‘டூ ஹெவி டு லிஃப்ட்’ என்பதன் இறுதியில் ‘இட்’ சேர்க்கக் கூடாது, ஏனெனில் தூக்கப்படும் பொருள் எழுவாயாக முன்பே வந்துவிட்டது. ‘யூ ஆர் டூ கைண்ட்’ போன்ற உபசார வழக்குகளில் மட்டும் இச்சொல் குறை கூறாமல் நன்றி சொல்கிறது. இத்தகைய தொடர்களை வழக்கென்றே ஏற்றுக்கொள்ள வேண்டும். இவற்றைப் பார்த்து விதி வகுக்கப் புறப்பட்டால் குழப்பமே மிஞ்சும்.

‘இனஃப்’ இடம் மாறி நிற்கும் சொல். மற்ற அளவுச் சொற்கள் பெயரடைக்கு முன்னால் வர, இது மட்டும் பின்னால் வரும்: ‘வார்ம் இனஃப்’, ‘ஓல்ட் இனஃப் டு வோட்’. பெயர்ச்சொல்லோடு சேரும்போது முன்னால் வந்துவிடும்: ‘இனஃப் டைம்’.

அடுத்த சிக்கல் ‘வெரி’ சேரும் பெயரடை எது, சேராதது எது என்பது. ‘கோல்ட்’, ‘பிக்’, ‘டயர்ட்’ போன்றவற்றுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. கொஞ்சம் குளிரலாம், நிறையக் குளிரலாம். ‘இம்பாசிபிள்’, ‘ஃப்ரீஸிங்’, ‘எசென்ஷியல்’ போன்றவை உச்சத்தை ஏற்கெனவே தமக்குள் வைத்திருப்பதால், அவற்றின் முன் ‘வெரி’ ஒட்டாது. ‘ஆப்ஸல்யூட்லி ஃப்ரீஸிங்’, ‘கம்ப்ளீட்லி இம்பாசிபிள்’ என்று முழுமையைச் சொல்லும் வினையடைகளே அங்கே பொருந்தும். உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டுமானால் ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’ உதவும். சந்தேகம் வந்தால் ‘ரியலி’ என்று எழுதலாம். அது இரண்டு வகையோடும் ஒத்துப்போகும், ஆனால் முறையான கடிதத்துக்குச் சற்றே பேச்சுவாடை கூடும். ‘பெட்டர்’, ‘சீப்பர்’ போன்ற ஒப்பீட்டு வடிவங்களுக்கு ‘வெரி’ உதவாது. ‘மச் பெட்டர்’ அல்லது ‘ஃபார் பெட்டர்’ என்றே வர வேண்டும்.

‘க்வைட்’ என்ற சொல்லை மதிப்பீட்டுக் கடிதங்களில் கண்டால் நான் பெரும்பாலும் நீக்கிவிடுவேன். பிரிட்டிஷ் வழக்கில் ‘க்வைட் குட்’ என்றால் பரவாயில்லை என்ற அளவில் நிற்கும் பாராட்டு. அமெரிக்க வழக்கில் அது ‘வெரி குட்’ என்பதை நெருங்கிவிடும். போதாக்குறைக்கு, பிரிட்டிஷ் வழக்கிலேயே ‘க்வைட் இம்பாசிபிள்’ என்று உச்சப் பெயரடையோடு சேரும்போது முற்றிலும் என்ற பொருள் வந்துவிடுகிறது. ஒருவருடைய பதவி உயர்வைத் தீர்மானிக்கப்போகும் வரியில், படிப்பவர் எந்த நாட்டு ஆங்கிலத்தில் பழகியவர் என்பதை நம்பிச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது விவேகமாகாது.

சில இணைகளுக்குக் காரணம் தேடிப் பயனில்லை. ஆழ்ந்து தூங்குபவர் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, முழுவிழிப்பில் இருப்பவர் ‘வைட் அவேக்’. இவ்விரண்டையும் ‘வெரி’ கொண்டு எழுதினால் செயற்கையாக ஒலிக்கும். ‘ஹைலி குவாலிஃபைட்’, ‘சீரியஸ்லி இல்’, ‘டீப்லி க்ரேட்ஃபுல்’ போன்றவையும் நெடுங்காலப் புழக்கத்தில் ஒட்டிக்கொண்ட இணைகள். இவற்றைத் தனித்தனிச் சொற்களாகக் கற்றவர் எழுதும்போது திணறுவார். சேர்த்தே கற்றவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தமிழின் பழக்கம் நேரடியாகத் தலையிடும் இடமும் உண்டு. ‘அவர் கோபமாக இருந்தார்’, ‘அவர் கோபமாகக் கதவைப் பார்த்தார்’ என்ற இரண்டுக்கும் நமக்குக் ‘கோபமாக’ என்ற ஒரே வடிவம் போதும். ஆங்கிலத்தில் தோற்றத்தைச் சொல்வது ‘ஹி லுக்ட் ஆங்ரி’, பார்த்த விதத்தைச் சொல்வது ‘ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி டோர்’. வினைச்சொல்லை எடுத்துவிட்டு அங்கே ‘வாஸ்’ என்று வைத்துப் படித்தால் வாக்கியம் நிற்குமானால், அங்கே வர வேண்டியது பெயரடை. ‘ஹி லுக்ட் விசிப்லி ஆங்ரி’ என்ற தொடரில் ‘லி’ விகுதி இருக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வினையடை ‘லுக்ட்’ என்ற வினையைத் தழுவவில்லை. கோபம் எவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது என்று ‘ஆங்ரி’ என்ற பெயரடையை விளக்குகிறது.

‘லி’ விகுதியை மட்டும் நம்பினால் வேறு ஆபத்துகளும் வரும். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லோன்லி’, ‘காஸ்ட்லி’ ஆகியவை பெயரடைகள். ‘ஹார்ட்’ என்பதோ உருமாறாமலே வினையடையாகவும் நிற்கும். ‘ஹார்ட்லி’ என்று ஆக்கியதும் பொருள் கவிழ்ந்துவிடும். கடும் உழைப்பாளி ஒருவருக்கான பரிந்துரைக் கடிதத்தில் ‘ஹி ஹேஸ் ஹார்ட்லி ஒர்க்ட்’ என்று இருந்ததைத் திருத்தியிருக்கிறேன். அவர் ஏறக்குறைய வேலையே செய்யவில்லை என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அதே சொல் பெயரடைக்கு முன்னால் வரும்போது பயனுள்ளதுதான்: ‘ஹார்ட்லி சர்ப்ரைசிங்’ என்றால் வியக்க எதுவும் இல்லை என்று பொருள்.

எழுத்தில் மட்டும் எழும் கேள்வி இணைப்புக்கோடு. ‘எ வெல்-நோன் ரைட்டர்’ என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது கோடு இடுவார்கள். ‘தி ரைட்டர் இஸ் வெல் நோன்’ என்று பின்னால் வரும்போது பொதுவாக விட்டுவிடுவார்கள். ‘எ நியூலி பில்ட் ஹவுஸ்’ போல வினையடை ‘லி’ என்று முடிந்தால் கோடு தேவையில்லை, ஏனெனில் அது அடுத்து வரும் சொல்லைத்தான் தழுவுகிறது என்பதை அந்த விகுதியே காட்டிவிடுகிறது. ‘எ ஃப்ரெண்ட்லி-லுக்கிங் மேன்’ என்பதில் வரும் ‘ஃப்ரெண்ட்லி’ பெயரடை என்பதால், அங்கே கோடு இட்டாக வேண்டும்.