அந்த மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது? மலையக நகரங்களில் மரம் வெட்டவும் காக்கவும் உள்ள சட்டங்கள்

எங்கள் வீட்டுக்கு மேலே போகும் வீதியின் ஓரத்தில் மூன்று பெரிய மரங்கள் நின்றன. ஒரு சனிக்கிழமை காலை ஆட்கள் வந்தார்கள், பத்து மணிக்குள் மூன்றும் தரையில் கிடந்தன. யார் வெட்டச் சொன்னது என்று கேட்டேன். வெட்ட வந்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், "அது ரோட்டு மரம்தானே, நாம போய் என்ன கேக்கிறது" என்றார். இரண்டு மாதம் கழித்து அதே அண்ணன் தன் வீட்டுக்குப் பின்னால் நின்ற பலா மரத்தை வெட்டினார். "சொந்தக் காணிதானே" என்று நினைத்து அனுமதி எடுக்கவில்லை. பிறகு பல நாட்கள் பொலிஸுக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார்.

ரோட்டு மரத்தைப் பற்றிக் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. சொந்தக் காணியில் நின்ற பலாவை நினைத்தபடி வெட்டும் உரிமைதான் இல்லை. இரண்டையும் அவர் மாற்றிப் புரிந்துவைத்திருந்தார். நம்மில் பலரும் அப்படித்தான். ஒரு மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றாலும், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) மேலே சாய்ந்து நிற்கும் மரத்தை அகற்ற வேண்டும் என்றாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அது நிற்கும் நிலம் யாருடையது? அது தெரிந்துவிட்டால் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சொந்தக் காணி

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. பனைக்கு நம் பக்கம் வேலையில்லை. பலாவும் ஈரப்பலாவும் கண்டி, மாத்தளை, பதுளைப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. அரிசி இல்லாத காலத்தில் ஊருக்குச் சோறு போட்ட மரம் பலா. அதை வீட்டுக்காரர் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிடாமல் சட்டம் பிடித்துவைத்ததற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அனுமதி தருவது பிரதேச செயலகம். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். உறுதிப் பத்திரத்தின் பிரதி, எத்தனை மரம், ஏன் வெட்ட வேண்டியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அவர் நேரில் வந்து பார்த்துப் பரிந்துரை எழுதுவார், அதன் பிறகே அனுமதிப் பத்திரம் வரும். காணி கூட்டுரிமையில் இருந்தால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதத்தையும் முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பாதி விண்ணப்பங்கள் அங்கேதான் இழுபடுகின்றன.

வெட்டுவதற்கான அனுமதி வேறு, வெட்டிய மரத்தை லொறியில் ஏற்றிக் கொண்டுபோவதற்கான போக்குவரத்து அனுமதி வேறு. இரண்டாவது அனுமதி வனச் சட்டத்தின் கீழ் வருகிறது. சில மர வகைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. தேக்கு, மஹோகனி, பலா போன்ற பெறுமதியான மரம் என்றால் பத்திரம் இல்லாமல் வீதிக்கு எடுக்காதீர்கள். மர வியாபாரி "எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னாலும், பத்திரத்தை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு லொறியை விடுங்கள்.

வீதியோரம், பாடசாலை, பூங்கா

பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அடுத்த நிலை வீதிகள் மாகாண சபையின் வீதித் திணைக்களத்துக்கும், ஊருக்குள் உள்ள சிறு வீதிகள் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபைக்கும் உரியவை. வீதியோர மரத்துக்குப் பொறுப்பும் அதே வரிசையில்தான். பாடசாலை வளாகத்து மரம் அரச சொத்து. அதிபர் நினைத்தால் மட்டும் அதை வெட்டிவிட முடியாது. அரச நிலத்தில் வெட்டப்படும் பெறுமதியான மரங்களை அகற்றும் வேலை பொதுவாக அரச மரக் கூட்டுத்தாபனத்துக்குப் போகும். ஆகவே ஒரு பாடசாலையில் சனி, ஞாயிறில் மரம் வெட்டும் சத்தம் கேட்டால், அனுமதிக் கடிதம் எங்கே என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை.

நகரத்துக்குள் இருக்கும் பசுமையை நம் முன்னோர் காலத்திலேயே சட்டத்தால் வேலி போட்டுக் காத்த இடங்கள் உண்டு. கண்டியில் தலதா மாளிகைக்குப் பின்னாலேயே இருக்கும் உடவத்தகலைக் காடு 1856இல் ஒதுக்குக் காடானது, 1938இல் சரணாலயமானது. சுமார் 100 ஹெக்டேயர்தான். ஆனால் கண்டி மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு கிண்ணம். வாகனப் புகை எளிதில் வெளியே போகாமல் தங்கிவிடுகிற நகரத்தில் அந்தக் காடு எவ்வளவு பெரிய காரியம் என்பதை, மாலை ஐந்து மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நுவரெலியா நகரத்தை ஒட்டியுள்ள கல்வேஸ் லேண்ட் 1938இல் சரணாலயமாகி, 2006இல் தேசிய பூங்காவானது. அது 30 ஹெக்டேயர்கூட வராது. கண்டிக்கு மேலே இருக்கும் ஹந்தானை மலைப்பகுதி 2010இல் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது.

இவற்றுக்கு எல்லைக் கல்லும் வர்த்தமானி அறிவித்தலும் இருக்கின்றன. ஹற்றன், தலவாக்கலை, பண்டாரவளை, வெலிமடை போன்ற ஊர்களில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரி மதிலோரம், கோயில் முன்றலில் தனித்தனியாக நிற்கும் மரங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எனக்குக் கவலை அவற்றைப் பற்றித்தான்.

காணி துண்டு போடும்போது

பலருக்கும் தெரியாத, ஆனால் மிகவும் பயனுள்ள ஒரு விதி இருக்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுகளாகப் பிரித்து விற்றால், பாதைகளுக்குப் போன நிலம் நீங்கலாக மீதியில் குறைந்தது 10 வீதத்தைப் பொதுத் தேவைக்கும் விளையாட்டு, பொழுதுபோக்குக்கும் திறந்த வெளியாக ஒதுக்க வேண்டும். 1 ஹெக்டேயர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர், நம் கணக்கில் 395 பேர்ச். இப்போது மலையக நகரங்களைச் சுற்றிப் பழைய தேயிலை மலைகளும் மரக்கறித் தோட்டங்களும் இப்படித்தான் துண்டு போடப்படுகின்றன. நீங்கள் அங்கே ஒரு துண்டு வாங்கியிருந்தால், அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்து, அந்தப் பத்து வீதம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் பிறகு ஒரு வீடு முளைத்திருந்தால் உள்ளூராட்சி சபையிடம் எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் விளையாட விடப்பட்ட நிலம் அது.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு விதி உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மலையக மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்கப்படுகிறது. அந்த அதிகாரிகள் சரிவு, மண், நீர் வடியும் வழி ஆகியவற்றைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே மலையை வெட்டி மரங்களைச் சாய்த்து நிலத்தைத் தட்டையாக்கி வைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது மிகவும் ஆபத்தானது. மரத்தை வெட்டிய உடனே மலை சரியாது. அடிக்கட்டையின் வேர் மண்ணுக்குள் மெதுவாக உக்கிப்போகச் சில வருடங்கள் ஆகும். அதற்குள் வீடு கட்டி, பால் காய்ச்சி, பிள்ளையைப் பள்ளிக்கூடம் சேர்த்துவிடுவோம். பிறகு ஒரு பெருமழையில், பிடிப்பில்லாத மண் இறங்கும். சரிவில் மரம் வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்காதீர்கள், பக்கத்திலேயே அந்த மாதமே கன்று வையுங்கள். மண்பாதுகாப்புச் சட்டமும் அதே 1951இல்தான் வந்தது. அரிப்புக்கு உள்ளாகும் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடங்களில் நிலத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் அதில் இருக்கிறது.

மலையில் மண் இறங்குவது என்றால் என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் கண்டோம். ஒரு தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலை சரியக் காரணம் பல. ஆனால் ஒரு சரிவைப் பிடித்து நிறுத்தும் பொருட்களில் நம் கைக்கு எட்டுவது மரமும் வடிகாலும்தான்.

பெரிய அளவில் காடு அழிக்கப்படும் என்றால் விதி இன்னும் கடுமையாகிறது. 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் திட்டங்கள் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அந்தக் கருத்தை நீங்கள் தமிழிலேயே எழுதலாம்.

லயத்துக்கு மேலே நிற்கும் மரம்

தோட்டத்து நிலம் இன்னும் அரசுடையது. 1992இல் கம்பனிகளிடம் போனது நிர்வாகமும் குத்தகையும்தான். ஆகவே சவுக்கு, யூக்கலிப்டஸ் மரங்களை வெட்டி விற்கத் தோட்டக் கம்பனிக்கும் அரச அனுமதி வேண்டும். லயத்தில் இருப்பவர் தானாக வெட்டினால் அது குற்றமாகிவிடும். ஆனால் காற்று காலத்தில் கூரைக்கு மேல் ஆடும் மரத்தைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆபத்தான மரத்துக்குச் செய்ய வேண்டியது இது. தோட்ட முகாமையாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பிரதியை கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலாளருக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் அனுப்புங்கள். மரத்தின் படம், அது விழுந்தால் எந்தெந்த வீடு பாதிக்கப்படும், அங்கே எத்தனை பேர் என்பதைச் சேர்த்துவிடுங்கள். கடிதம் கிடைத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது. உடனடி ஆபத்து என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். அப்படியும் ஒருவரும் அசையவில்லை என்றால் நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய நிலையில் உள்ள மரத்தை அகற்றவோ தாங்கு கொடுக்கவோ நீதவான் கட்டளையிடலாம். தனியார் காணி மரத்துக்கும் இது பொருந்தும்.

கிளையை மட்டும் குறைத்தால் போதுமா, முழு மரமும் போக வேண்டுமா என்றும் அந்தக் கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பல மரங்களுக்குக் கிளை குறைத்தாலே போதும். மின்கம்பியில் முட்டும் கிளை என்றால் உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் சொல்லுங்கள், நீங்களே ஏறாதீர்கள்.

வெட்டப்போவதாகக் கேள்விப்பட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் தகவல் அதிகாரிக்கு எழுதுங்கள்: இந்த இடத்தில் எத்தனை மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டது, யார் கேட்டது, என்ன காரணம், பதிலுக்கு எத்தனை கன்று, எங்கே, யார் தண்ணீர் ஊற்றுவது. தகவல் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் உங்களிடம் விளக்கம் கேட்க முடியாது.

புதிதாக நடுவதற்கும் இதே வரிசைதான். பொது இடம் என்றால் முதலில் சபையின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருடம் வடிகால் வெட்டும்போது கன்று போய்விடும். கன்றுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அருகிலுள்ள வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். நகரத்துக்குள் யூக்கலிப்டஸும் அல்பீசியாவும் வேண்டாம். அல்பீசியா சீக்கிரம் வளரும், கிளையும் சீக்கிரம் முறியும். தாழ்ந்த, சூடான பக்கம் என்றால் நாவல், வேம்பு, பலா. மேல்மலையில் அந்த ஊர்க் காட்டிலேயே வளரும் மரங்கள். ஹற்றன், நுவரெலியாவின் மேற்குப் பக்கம் மே, ஜூன் மழையோடு நடலாம். பதுளை, பண்டாரவளைக்கு ஒக்டோபர் மழை. வேலி போடாமல் நட்ட கன்றை மாடு தின்றுவிடும், ஆகவே கன்றுக்குக் கேட்கும்போதே வேலிக் கம்புக்கும் சேர்த்துக் கேளுங்கள்.