இரும விண்மீன் அல்ல, இணை விண்மீன்

போன வாரம் ஓர் அறிவியல் படத்தின் தமிழ்க் குரலில் மறுபடியும் "இரும நட்சத்திரம்". கூட உட்கார்ந்து பார்த்த அண்ணன் மகள் உடனே கேட்டாள்: "சித்தப்பா, பூச்சியமும் ஒன்றும் மட்டும் வருமே, அந்த இருமமா?" அவள் மேல் தவறே இல்லை.

ஆங்கிலத்தின் 'பைனரி ஸ்டார்' என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். பைனரியின் வேர் லத்தீன் 'பீனி', அதாவது இரண்டிரண்டாக. அதை 1802இல் விண்மீனுக்குச் சூட்டியவர் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல். ஈர்ப்பால் கட்டுண்டு ஒன்றையொன்று சுற்றும் சோடிக்குத் தனிப்பெயர் வேண்டும் என்றுதான் சூட்டினார்.

பதின்மம், எண்மம், இருமம் எல்லாம் எத்தனை இலக்கங்களால் எண்ணுகிறோம் என்பதைச் சொல்பவை. கணக்கில் அருமையான சொற்கள். வானத்தில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதால் தமிழிலும் ஒன்றையே ஒட்டிவிடுகிறார்கள், பொருளைப் பார்ப்பதில்லை. பாட்டி "இரும" ஆரம்பித்தாள் என்போமே, காதுக்கு முதலில் வருவதும் அதுதான். பேசிப் பார்க்காமல் சொல் ஆக்கினால் இப்படித்தான் ஆகும்.

சரி, 'இரட்டை விண்மீன்'? பழகிய சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. மகர ராசியில் ஆல்ஃபா என்னும் விண்மீன் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். ஒன்று சுமார் 100 ஒளியாண்டு தொலைவில், மற்றது அதைப்போலப் பல மடங்கு தள்ளி. உறவே கிடையாது. இப்படிப் பார்வைக்கு மட்டும் சேர்ந்திருப்பதையும் இரட்டை என்போம்.

ஆல்ஃபா செண்டாரி அப்படியல்ல. 4.37 ஒளியாண்டு தொலைவில் சூரியனைப் போன்ற இரண்டு விண்மீன்கள், ஒன்று நிறையில் சற்றுக் கூட, மற்றது சற்றுக் குறைவு. சுமார் 80 ஆண்டுக்கு ஒரு சுற்று. நம் சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமான இடைவெளி வரை நெருங்கும், அப்புறம் நெப்டியூன் தூரத்தையும் தாண்டி விலகும். அது இரண்டு என்று முதலில் கண்டதே புதுச்சேரியில்தான்: 1689 டிசம்பரில் வால்மீன் பார்த்துக்கொண்டிருந்த பாதிரியார் ழான் ரிஷோ. விலகியும் பிரியாத இதற்கு இணை என்பதைவிடப் பொருந்தும் சொல் எது?

இணைகோட்டோடு குழம்பாதா என்பார்கள். இணைச்சொல், இணைப்பறவை எதிலும் யாரும் குழம்பவில்லையே. இன்னொரு வசதியும் உண்டு: சோடியில் மங்கலானதைத் துணை விண்மீன் என்று சொல்லிவிடலாம். இணையும் துணையும் நம் பேச்சில் ஏற்கெனவே சேர்ந்தே வருபவை.