கம்மைத் திட்டாதீங்க, ஈரத்தைப் பாருங்க

மாரி முடிந்து தை பிறந்தால் எங்கள் மட்டக்களப்புத் தச்சுப் பட்டறைக்கு வருகிற வேலையில் பெரும்பகுதி, பிரிந்துபோனதைத் திரும்ப ஒட்டிக் கொடுப்பதுதான். கல்லடியிலிருந்து பன்ட்ரி கபேட்டின் கதவு வரும், ஏறாவூரிலிருந்து கதிரைக் கால் வரும், காத்தான்குடியிலிருந்து மேசைப் பலகை வரும். கொண்டுவருகிறவர்கள் சொல்வது மட்டும் ஒன்றுதான்: "போன முறை போட்ட கம் சரியில்லை தம்பி, இந்த முறை நல்ல கம்மாப் போட்டுத் தாங்க."

நான் முதலில் பார்ப்பது பிரிந்த முகத்தை. இரண்டு பக்கமும் மர நார் பிய்ந்து வந்திருந்தால் கம் பிடித்திருக்கிறது, மரந்தான் பாரம் தாங்காமல் கிழிந்திருக்கிறது. ஒரு பக்கத்தில் கம் பளபளவென்று படிந்து மறுபக்கம் வெறும் மரமாக இருந்தால், அது தொடக்கத்திலேயே பிடிக்கவில்லை. நகத்தால் சுரண்டும்போது பால் வெள்ளையாக, மெத்தென்று இழுபட்டு வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். தையில் வருகிறவற்றில் இந்தக் கடைசி ரகந்தான் அதிகம்.

காரணம் மரத்துக்குள் இருக்கிறது. மரத்தில் பாதிக்குக் கிட்ட செலுலோசு, அதாவது ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் கோத்த நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு அலகிலும் ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த ஐதரொட்சில் கூட்டங்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை பக்கத்துச் சங்கிலியோடு ஐதரசன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். தனியாக எடுத்தால் அது பலவீனமான பிணைப்பு, மோலுக்கு 20 கிலோயூல் அளவுதான். ஒட்சிசனையும் ஐதரசனையும் நேரே பிடித்திருக்கும் பிணைப்போ 460 கிலோயூல் அளவு. ஆனால் செலுலோசுச் சங்கிலிகள் பளிங்காக வரிசை கட்டி நெருங்கி நிற்கிற இடத்தில் இந்தச் சின்னப் பிணைப்புகள் எண்ணிக்கையில்லாமல் ஒன்றுசேர்ந்து பிடிக்கின்றன, தண்ணீர் மூலக்கூறு நுழையவே அங்கே இடமில்லை. சீனியும் ஐதரசன் பிணைப்பால் நிற்கிற பளிங்குதான், ஆனால் அதன் மூலக்கூறுகள் சிறியவை, தண்ணீர் ஒவ்வொன்றாகச் சூழ்ந்து கழற்றிவிடும். செலுலோசில் ஒரு பிணைப்பைக் கழற்றினால் போதாது, சங்கிலி முழுவதையும் கழற்ற வேண்டும். தோணி வருடக்கணக்காக வாவியில் கிடந்தாலும் மரம் கரைந்துபோகாமல் இருப்பது இதனால்தான். ஊறுவதும் உப்புவதும் வரிசை குலைந்த பகுதிகளில் நடக்கிறது.

இப்போது வெள்ளைக் கம்முக்கு வருவோம். அது மரத்தின் நுண்துளைக்குள் இறங்கி இறுகுகிறது, அதோடு மரத்தின் ஐதரொட்சில்களை அதே ஐதரசன் பிணைப்பால் பிடிக்கிறது. அதே பிணைப்புத்தான், ஆனால் கம் படலத்தில் பளிங்கு ஒழுங்கு இல்லை, தண்ணீர் புகுந்துவிடும். ஐதரசன் பிணைப்புப் போடுவதில் தண்ணீர் மகா கெட்டிக்காரன், மரத்துக்கும் கம்முக்கும் நடுவில் போய் இரண்டு பக்கத்தையும் தானே பிடித்துக்கொள்ளும். வாழைச்சேனை ஆலையில் வைக்கோலில் காகிதம் செய்தார்களே, அந்தக் காகிதத்தில் நாரை நாரோடு பிடித்து வைத்திருந்ததும் பெரும்பாலும் இந்தப் பிணைப்புத்தான். நனைந்த கொப்பித் தாளைத் தூக்கிப் பாருங்கள், காய்ந்த தாளின் பலத்தில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது.

ஒட்டின துண்டுகளை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போடச் சொன்னால் பலருக்குச் சலிப்பு. ஐதரசன் பிணைப்பு எட்டும் தூரம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர், பிணைப்பில் இரண்டு ஒட்சிசனுக்கும் இடையே அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த தூரந்தான் இருக்கிறது. கம் மரத்தை நனைத்துப் பரவி அத்தனை கிட்டப் போனால்தான் பிடிக்கும், கிளாம்ப் போட்டு அழுத்துவது அதற்குத்தான். தூசி, பழைய பொலிஷ், மெழுகு, கை எண்ணெய் எதுவாக இருந்தாலும் கம் அதைத்தான் பிடிக்கும், மரத்தை அல்ல. சீவின மரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், முத்தாக நின்றால் திரும்பச் சீவுங்கள். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, அசிட்டோனால் துடைத்து, காய்ந்த கையோடு ஒட்ட வேண்டும், நாளைக்கு என்று வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும்.

எங்கள் காலநிலை வேறு. காற்றில் ஈரப்பதன் 65 வீதமானால் மரத்தில் ஏறத்தாழ 12 வீதம் ஈரம் தங்கும், 80 வீதமானால் 16 வரை போகும். கச்சான் காற்றில் வற்றிச் சுருங்கிய பலகை வாடைக் காற்றில் ஊதும், அந்த இழுபறி முழுவதும் ஒட்டின கோட்டில்தான் விழும். அதனால் மார்கழி மழையில் "அவசரம் அண்ணன், இன்டைக்கே ஒட்டித் தாங்க" என்று வந்தால் நான் ஒத்துக்கொள்வதில்லை, கோபித்தாலும் சரி. மரத்தை உள்ளே அடுக்கிக் காயவைத்து, ஈரமானி 12க்குக் கிட்ட இறங்கின பிறகுதான் கம் போத்தலைத் திறப்பேன்.

போட் (படகு) வைத்திருப்பவர்களுக்கு உப்பும் சேர்ந்த பிரச்சினை. வெயிலில் காய்ந்த போட்டைக் கையால் தடவினால் நறநறக்கும், அது உப்புப் பளிங்கு. சாதாரண உப்பே ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும், கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைட்டு இன்னும் முந்திக்கொள்ளும். அதன் மேல் ரெசின் பூசினால் உள்ளே தண்ணீர் சேர்ந்து கொப்புளம் கிளம்பும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, காயவிட்டு, அப்புறந்தான் சான்ட் பேப்பர். மாற்றிச் செய்தால் உப்பைத் தேய்த்து உள்ளே ஏற்றுகிறோம்.

எந்தக் கம் என்று கேட்டால், வரவேற்பறைக் கதிரைக்கு வெள்ளைக் கம் போதும். குசினிக்கும் குளியலறை வாசலுக்கும் போத்தலில் டி3 என்று, தண்ணீர் தாங்கும் தரம் போட்டதை எடுங்கள், மழை படுகிற கதவுக்கு டி4 எடுத்து மேலே பெயின்ரும் அடிக்க வேண்டும். தண்ணீரிலேயே கிடப்பதற்கு எபொக்சி அல்லது ரெசோர்சினோல் கம். இவை இறுகும்போது தங்களுக்குள்ளே வலுவான பிணைப்புகளால் வலைபோலக் கட்டிக்கொள்வதால் தண்ணீர் பட்டு இளகாது, ஆனால் ஈர மரத்தில் பூசினால் அவையும் கைவிடும். சிங்க்குக்குக் கீழே, மரச் சீவல்களைக் கம்மோடு அழுத்திச் செய்த சிப்போட் போட ஓடாவி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சிப்போட் ஊதினால் ஊதினதுதான், எந்தக் கம்மும் அதைத் திரும்பத் தட்டையாக்காது.