ஸ்கேன்: புரோஸ்டேட் அறுவைக்குப் பின் கதிர்வீச்சுக்கு முன்

ஸ்கேன் என்பது உடலின் உட்பகுதியைச் சிறு சிறு கூறுகளாக ஆராய்ந்து படமாக்கும் சோதனை. வேலூர் காந்தி ரோட்டில் தமிழிலும் வங்காளத்திலும் எழுதிய பலகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே மருத்துவத்துக்காகக் குடியாத்தத்திலிருந்து வருபவரும் கொல்கத்தாவிலிருந்து வருபவரும் ஒரே ஒலியில் சொல்லும் சொல் இது. ஆனால் கர்ப்பிணியின் வயிற்றில் எடுப்பதும் ஸ்கேன், மூளைக்கு எடுப்பதும் ஸ்கேன், புரோஸ்டேட் (ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) புற்றுநோய் அறுவைக்குப் பின் மீண்டும் தலைகாட்டும்போது எடுப்பதும் ஸ்கேன் என்றிருப்பதால், கடைசியாகச் சொன்ன இடத்தில் நோயாளியின் வீட்டார் தடுமாறுகிறார்கள். "அப்பாவுக்கு எல்லாத்தையும் எடுத்தாச்சே, கரண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி எதுக்கு இன்னொரு ஸ்கேன்?" (கரண்ட் என்பது கதிர்வீச்சுச் சிகிச்சை) என்ற கேள்விக்கு இச்சொல்லின் வரலாற்றிலேயே பாதி விடை இருக்கிறது.

இதன் வேர் 'ஏறுதல்' என்று பொருள்படும் லத்தீன் வினையாகிய ஸ்காண்டெரே. பிற்கால லத்தீனில் அது செய்யுளைச் சீர் சீராகப் பிரித்தலைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அதே பொருள்தான். நம் யாப்பிலக்கணம் இச்செயலை அலகிடுதல் என்கிறது: 'வேலூர்' என்பதை வே, லூர் என்று அசை பிரித்து, நேர் நேர் தேமா என்று வாய்பாடு காண்பது அலகிடுதல். பின்னர் 'கூர்ந்து ஆராய்தல்' என்ற பொருளும், அதற்கும் பின்னர் 'வரி வரியாகக் கடந்து பதிவு செய்தல்' என்ற பொருளும் சேர்ந்தன. 1950ஐ ஒட்டி பெனடிக்ட் காசன் என்ற அமெரிக்க அறிஞர், கதிரியக்க அயோடின் ஏற்றப்பட்ட தைராய்டு சுரப்பியின் மேல் வரி வரியாக நகர்ந்து பதிவு செய்யும் கருவியை உருவாக்கியபோது, மருத்துவத்தில் இச்சொல் உறுதியாக நிலைபெற்றது.

தமிழில் 'வருடல்' என்ற சொல் பரவலாகப் பயன்படுகிறது. கருவியை வயிற்றின் மேல் தேய்த்து எடுக்கும் அல்ட்ராசவுண்டுக்கு அது அழகாகவே பொருந்துகிறது. பெட் ஸ்கேனுக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஏனெனில் அங்கே கருவி எதையும் வருடுவதில்லை, உடலுக்குள் ஏற்றிய மருந்திலிருந்து வெளிப்படும் கதிர்களை நோயாளியைச் சூழ்ந்த வளையம் வாங்கிக்கொள்கிறது. அதன் முழுப்பெயரை ஒட்டி 'நேர்மின்னணு உமிழ்வு வெட்டுப்படம்' என்பதே சரியான ஆக்கம். சிலர் எழுதும் 'தளக்கதிர்ப்படம்' இலக்கணப்படி பிழையன்று. ஆயினும் கதிர்வீச்சுச் சிகிச்சைக்காக வந்திருப்பவரிடம் சோதனைக்கும் 'கதிர்' என்றே பெயர் சொன்னால், சோதனையையே சிகிச்சையாக எண்ணிவிடுவார். பேச்சில் 'பெட் ஸ்கேன்' என்றே இருக்கட்டும்.

இனி, எல்லாவற்றையும் எடுத்த பிறகு எதைத் தேடுகிறோம்? புரோஸ்டேட்டை முழுதும் அகற்றினால் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் அணுக்கள் சுரக்கும் புரதம்) ஏறக்குறைய இல்லாமற்போக வேண்டும். அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராமைத் தொட்டு, மறுசோதனையிலும் உறுதியானால், எங்கோ சில புற்றணுக்கள் எஞ்சியுள்ளன என்று கொள்கிறார்கள். அவை சுரப்பி இருந்த படுகையிலா, இடுப்பின் நிணநீர்க் கணுக்களிலா, எலும்பிலா என்பதை இரத்தச் சோதனை சொல்லாது. இவ்வளவு குறைந்த அளவில் வழக்கமான எலும்பு ஸ்கேனிலும் சி.டி.யிலும் பெரும்பாலும் ஒன்றும் தென்படுவதில்லை. அதனால்தான் புரோஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிச்சென்று ஒட்டிக்கொள்ளும் மருந்தில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை இணைத்து ஊசி வழியே ஏற்றுகிறார்கள். காலியம்-68 இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம், 68 நிமிடம். நோயாளி ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியறையில் அமர்ந்திருந்து, படுப்பதற்குச் சற்று முன் சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால், நிரம்பிய மூத்திரப்பை படத்தில் ஒளிர்ந்து பக்கத்திலுள்ள படுகையை மறைத்துவிடும். சிகிச்சைக்கு அளவெடுக்கும் சி.டி. இதனின் வேறு: அதற்குப் பொதுவாகத் தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வார்கள். இரண்டையும் 'ஸ்கேன்' என்று மட்டும் சீட்டில் எழுதிக் கொடுத்தால், நோயாளி ஒன்றின் முறையை மற்றொன்றுக்குக் கடைப்பிடித்துவிட வாய்ப்புண்டு.

ஆகவே இந்த இடத்தில் ஸ்கேன் என்பது, நோய் உண்டா என்று கேட்பதைவிட, கதிரை எங்கே செலுத்துவது என்று இடத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் காண்பதே. பழைய அலகிடுதலுக்கு மிக அருகில் நிற்கும் பொருள் இது. கணுவில் ஒளி தெரிந்தால் கதிர்வீச்சின் பரப்பு விரியும். தொலைவிலுள்ள எலும்பில் தெரிந்தால் சிகிச்சைத் திட்டமே மாறலாம். 2021இல் வெளிவந்த எம்பயர்-1 ஆய்வில், ஃபுளூசிக்ளோவின் என்ற வேறொரு மருந்தைக் கொண்டு எடுத்த பெட் படத்தின் வழிகாட்டுதலோடு கதிர்வீச்சு பெற்றவர்களில் 75.5 விழுக்காட்டினரும், வழக்கமான படங்களை மட்டும் கொண்டு பெற்றவர்களில் 63 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகளுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தனர்.

எனினும் பி.எஸ்.ஏ. 0.5க்குக் கீழே உள்ளபோது பி.எஸ்.எம்.ஏ. ஸ்கேன் பாதிக்கும் குறைவானவர்களிடமே நோயின் இடத்தைக் காட்டுகிறது. 635 பேரை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அது 38 விழுக்காடு. கதிர்வீச்சு மிக நன்றாகப் பயன் தருவதும் அதே குறைந்த அளவில்தான். ஆகையால் அறிக்கையில் வரும் 'நெகட்டிவ்' என்ற சொல்லைத் தமிழில் 'நோய் இல்லை' என்று எழுதுவது தவறு, 'படத்தில் தென்படவில்லை' என்றே எழுத வேண்டும். பி.எஸ்.ஏ. இன்னும் ஏறட்டும், ஸ்கேனில் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கதிர்வீச்சைத் தள்ளிப்போடக் கூடாது என்பதை ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் வெளிப்படையாகவே கூறுகிறது.