சிம்பாங்: சந்தியா, விலக்கா, கவலையா?

சிம்பாங்குற வார்த்தை, அதாவது ரோடு பிரியுற இடம், வாயில வராம நம்ம மலேசியாவுல யாருக்காவது வழி சொல்லிப் பாருங்க, ரெண்டு வரிக்கு மேல ஓடாது. "சடக்குல நேரா போங்க, கோயில் தாண்டுனதும் ஒரு சிம்பாங் வரும், அதுல திரும்பிறாதீங்க, அது தோட்டத்துக்குள்ள கொண்டு போய் விட்டுரும், அடுத்த சிம்பாங்ல லெப்ட்டு எடுங்க." இப்படித்தான் எல்லாரும் சொல்றோம். இதுல சடக்கு, அதான் மெயின் ரோடு, இந்திக்காரன் கிட்டருந்து வந்துச்சு, சிம்பாங் மலாய்க்காரன் கிட்டருந்து வந்துச்சு, லெப்ட்டு வெள்ளக்காரன் குடுத்தது, கோயில் மட்டும் நம்மது.

இப்ப இந்த வார்த்தைய ஏன் நோண்டுறேன்னா, எங்க தாமான்ல (குடியிருப்புல) பக்கத்து வீட்டு பொண்ணுக்கு 17 வயசாயிருச்சு, காடி (கார்) லைசன் எடுக்க பேர் குடுத்து உண்டாங் டெஸ்ட்டுக்கு படிச்சிக்கிட்டு இருக்கு. தமிழ்ப்பள்ளில படிச்ச பிள்ளை. அதான் கம்ப்யூட்டர் டெஸ்ட்ட தமிழ்லயே எடுக்கலாமேன்னு தமிழ்ல படிக்குது. ஒரு நாள் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு, "மாமா, சந்தின்னா இலக்கணத்துல வர்றதுதானே, வலிமிகும் இடம், சந்திப்பிழை, அதெல்லாம். ரோட்டுல எப்படி சந்தி வரும்?"னு கேட்டுச்சு. "சிம்பாங்மா, அதுதான் சந்தி"ன்னேன். "அப்ப சிம்பாங்குன்னே போட்டிருக்கலாம்ல"ன்னு சொல்லிட்டு போயிருச்சு. நியாயமான கேள்விதான்.

உண்டாங்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. மலாய்ல உண்டாங்-உண்டாங்னா சட்டம், நாம பாதிய வெட்டிட்டு உண்டாங் டெஸ்ட்னு ஆக்கிக்கிட்டோம். 50 கேள்வி, 42 சரியா இருந்தா பாஸ். அதுல ரோட்டு போர்டு சம்பந்தமான கேள்விங்க வரும், அதுல சிம்பாங் போர்டுங்களே ஒரு குடும்பம். டெஸ்ட்ட தமிழ்ல எடுத்தாலும் ரோட்டுல நிக்கிற போர்டுல எழுத்து இருந்தா மலாய்தான், பெர்ஹெந்தி (நில்), பெரி லாலுவான் (வழி விடு), அவாஸ் (கவனம்), கூராங்கான் லாஜூ (வேகத்த குறை). அதனால தமிழ்ல எடுக்கிற பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தையும் தெரிஞ்சிருக்கணும், வேற வழியே இல்ல.

சரி, சிம்பாங். மலாய்ல இதோட அடிப்படை அர்த்தம் பிரிஞ்சு போறது, நேர் வழிய விட்டு விலகுறது. மெஞிம்பாங்குன்னா விலகிப் போறது, பேச்சு தலைப்ப விட்டு விலகுனாலும் அதே வார்த்தைதான், ஆளு நல்ல வழிய விட்டுட்டு போனாலும் அதேதான். பெர்சிம்பாங்ஙான்னா ரோடுங்க பிரியுற இடம், ஹைவேல பாலத்துக்கு மேலயும் கீழயும் சுத்தி சுத்தி போற பெரிய இடம் இருக்குல்ல, அதுக்கு பெர்சிம்பாங்ஙான் பெர்திங்காட்னு பேரு, திங்காட்னா மாடி. சிம்பாங் சியூர்னா கோணல் மாணலா பின்னிக்கிட்டு கெடக்குறது.

ஊர் பேர்ல எவ்வளவு சிம்பாங் இருக்குன்னு ஒரு தடவை மேப்ப பாருங்க. ஈப்போ பக்கத்துல சிம்பாங் பூலாய், ஜொகூர்ல சிம்பாங் ரெங்கம், நெகிரி செம்பிலான்ல சிம்பாங் பெர்த்தாங், தைப்பிங் பக்கத்துல வெறும் சிம்பாங். சிம்பாங் அம்பாட் பினாங்குல ஒண்ணு, மலாக்கால ஒண்ணு, எங்க கீழ்ப் பேராக் பக்கம் ஊத்தான் மெலிந்தாங் கிட்ட ஒண்ணு, ஆக மொத்தம் பஸ்ல ஏறும்போது எந்த சிம்பாங் அம்பாட்னு கேட்டுட்டுத்தான் ஏறணும். அம்பாட்னா 4, இப்ப எம்பாட்னு எழுதுறாங்க, பழைய ஊர் பேருங்கள்ல அம்பாட் அப்படியே நின்னுருச்சு. நாலு ரோடு கூடுற இடத்துல கடை வரும், கடை வந்தா பஸ் நிக்கும், பஸ் நின்னா ஊர் ஆயிரும், ஊருக்கு வேற பேரு வைக்க யாருக்கும் நேரம் இல்ல.

நம்ம ஆளுங்களுக்கு இதுக்கு வார்த்தையே இல்லாமதான் சிம்பாங்க எடுத்துக்கிட்டாங்கன்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர்னு கப்பல் ஏறி வந்தவங்க கையில வார்த்தை இருந்துச்சு. முச்சந்தி, நாற்சந்தி எல்லாருக்கும் தெரிஞ்சது. இன்னைக்கு தமிழ்நாட்டுல போய் பாருங்க, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் கூட்ரோடும்பாங்க, அதாவது கூட்டு ரோடு. கோயம்புத்தூர் பக்கம் பிரிவுன்னு சொல்வாங்க, பஸ் ஸ்டாப் பேரே இன்ன பிரிவுன்னு இருக்கும். மதுரைக்கு தெக்க போனா விலக்கு, மெயின் ரோட்டுலருந்து கிராமத்துக்கு ரோடு விலகுற இடம். திருநெல்வேலில முக்கு. யாழ்ப்பாணத்துல சந்திதான், அங்க எந்த எடத்துக்கு வழி கேட்டாலும் ஒரு சந்திய சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. ஆளாளுக்கு ஒரு வார்த்தை வச்சிருந்த கூட்டம் ஒரே தோட்டத்து லயத்துல (வரிசை வீடுங்கள்ல) வந்து குடியிருந்தா எந்த வார்த்தை ஜெயிக்கும்? கூட்ரோடுன்னா சேலத்துக்காரனுக்கு ஒரு மாதிரி இருக்கும், விலக்குன்னா ஆற்காட்டுக்காரன் முழிப்பான். வெளிய போலிஸ்காரன், பஸ் கண்டக்டர், லோரி டிரைவர் எல்லாரும் சிம்பாங்குன்னான், எல்லாருக்கும் புரிஞ்சுச்சு, ஒட்டிக்கிச்சு. இது என் கணக்கு, எனக்கு இதுதான் நியாயமா படுது.

சந்திங்கிறது வடமொழி. சம்னா ஒண்ணா, தான்னா வைக்கிறது, ஒண்ணா சேத்து வைக்கிறதுதான் சந்தி. அதனாலதான் ரெண்டு சொல்லு சேர்ற இடமும் சந்தி, பகலும் ராவும் சேர்ற நேரமும் சந்தி (அந்தி சந்திங்கிறோம்ல), ரோடு சேர்ற இடமும் சந்தி. ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் சந்திக்கிறதும் அதேதான். ஊரே கூடுற இடம்கிறதால மானம் போறதும் அங்கதான், சந்தி சிரிக்குது, சந்திக்கு வந்துருச்சு, குடும்பத்த சந்தில நிறுத்திட்டான், இதெல்லாம் நம்ம பாட்டிங்க வாயில தினமும் வரும். ஆக அந்தப் பொண்ணு கேட்டது தப்பே இல்ல, இலக்கணத்து சந்தியும் ரோட்டு சந்தியும் ஒரே சந்திதான்.

இப்ப கவனிங்க, மலாய்க்காரன் அதே இடத்த பிரியுற இடம்னு பாக்குறான், சந்தின்னு சொல்றவன் சேர்ற இடம்னு பாக்குறான். ரோடு என்னமோ ஒண்ணுதான். காடி ஓட்ட கத்துக்கிறவங்களுக்கு இந்த வித்தியாசம் சும்மா அகராதி விஷயம் இல்ல, போர்டுங்களே இப்படி ரெண்டா பிரிஞ்சுதான் நிக்குது.

எங்க தோட்டத்து செம்மண் ரோடு சடக்குல ஏறுற இடத்தையே எடுத்துக்குவோம். செம்பனை (எண்ணெய்ப் பனை) லோரிங்க வெளிய வந்து வந்து டயர்ல ஒட்டுன மண்ணு தார் ரோட்டுல கொஞ்ச தூரத்துக்கு செவப்பா படிஞ்சிருக்கும், மழை பேஞ்சா வழுக்கும், குலையிலருந்து உதிர்ந்த செம்பனை பழம் ஓரத்துல நசுங்கி எண்ணெய் பிசுக்கா கெடக்கும். சடக்குல நேரா வர்றவனுக்கு, இந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே ஒரு மஞ்சள் போர்டு, சதுரத்த மூலையில நிறுத்துன மாதிரி இருக்கும், கறுப்புல நேரா ஒரு கோடு, அதுலருந்து இடது பக்கமா இன்னொரு கோடு நீட்டிக்கிட்டு இருக்கும். அவனுக்கு அது எச்சரிக்கை மட்டும்தான், நீ நேராவே போ, ஆனா பக்கத்துலருந்து எவனாவது வருவான், வேகத்த பாத்துக்கன்னு அர்த்தம். தோட்டத்துக்குள்ளருந்து வர்றவனுக்கு இந்த மஞ்சள் போர்டு கண்ணுலயே படாது, அவன் முன்னால எட்டு மூலை வச்ச செவப்பு போர்டு, பெர்ஹெந்தி. அது எச்சரிக்கை இல்ல, உத்தரவு. வண்டி சுத்தமா நிக்கணும், டயர் உருளக் கூடாது, அப்புறம்தான் வலது இடது வலது பாத்து எடுக்கணும். நம்ம பக்கம் லாலாங் புல்லும் கொடியும் வளந்து அந்த போர்டுல பாதிய மூடிக்கிட்டுதான் நிக்கும், ஆனா எட்டு மூலைங்கிறதே அதுக்குத்தான், எழுத்து தெரியாட்டியும் ஓரத்த பாத்தே கண்டுபிடிச்சிரலாம், வேற எந்த போர்டுக்கும் அந்த உருவம் கிடையாது. தலைகீழா நிக்கிற முக்கோணமும் அப்படித்தான், அது பெரி லாலுவான், பெரின்னா குடு, லாலுவான்னா போற வழி, தமிழ்ல வழி விடு. ஆள் இல்லன்னா நிக்காமயே மெதுவா போலாம், ஆள் வந்தா நின்னு விடணும். பெர்ஹெந்திக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் டெஸ்ட்ல மாத்தி மாத்தி கேப்பான். போர்ட மதிக்காம போனா 1987 சாலைப் போக்குவரத்து சட்டத்துல 79வது பிரிவு இருக்கு, புல்லு மூடியிருந்துச்சுன்னு சொன்னா சமன் (அபராதச் சீட்டு) எழுதுறவன் கேட்டுக்கிட்டு எழுதுவான்.

ஆக சடக்குல போறவனுக்கு அது சிம்பாங், ஒரு ரோடு விலகுது. உள்ளருந்து வர்றவனுக்கு அது சந்தி, அவன் ரோடு பெரிய ரோட்ட போய் சந்திக்குது. எனக்கு கேட்டா இதுல மொதல் வகைக்கு ரொம்ப பொருத்தமான தமிழ் தெக்கத்தி விலக்குதான், மெஞிம்பாங்குன்னு மலாய்க்காரன் சொல்றதும் விலகுன்னு நாம சொல்றதும் அச்சு அசலா ஒண்ணு. ஆனா இங்க ஒரு சிக்கல், நம்ம நாட்டுல விலக்குன்னா வரி விலக்கு, கட்டண விலக்குதான் மொதல்ல ஞாபகம் வரும், வீட்டுப் பொம்பளைங்க பேச்சுல அதுக்கு வேற அர்த்தமும் இருக்கு. "அடுத்த விலக்குல திரும்பு"ன்னு டிரைவிங் மாஸ்டர் சொன்னா பிள்ளைங்க சிரிச்சிரும்.

இதுக்கெல்லாம் முன்னாடி சுத்தத் தமிழ்ல ஒரு வார்த்தை இருந்துச்சு, கவலை. ஆமா, அதே கவலைதான், மனசுல வர்றது. கவர்னா ரெண்டா பிரியுறது, கவைன்னா ரெண்டா பிரிஞ்ச கொம்பு, கவைக்கு உதவாத பேச்சுன்னு சொல்றோமே அந்த கவை, கவட்டையும் அந்த குடும்பம்தான், ஒய் எழுத்து மாதிரி இருக்கிற மரக்கிளை. அதே வழில ரோடு பிரியுற இடம் கவலை. மனசு ரெண்டு பக்கமா இழுக்குறதாலதான் அந்த கவலைக்கும் இதே பேருன்னு சொல்றவங்க உண்டு. சிலப்பதிகாரத்துல கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு போற வழில ஒரு மறையோன் வழி சொல்வான், கொடும்பைங்கிற எடத்துல குளக்கரைக்கு வந்தா சிவன் கையில இருக்கிற சூலம் மாதிரி வழி மூணா கவர்க்கும்னு சொல்லிட்டு, வலது பக்கம் போனா என்ன வரும், இடது பக்கம் போனா என்ன வரும், நடு வழி எப்படின்னு விலாவாரியா சொல்வான். சிம்பாங் தீகாவுக்கு (தீகான்னா 3) இதவிட நல்ல விளக்கத்த எந்த உண்டாங் புக்குலயும் நான் பாத்ததில்ல.

அதவிட ஆச்சரியம் மலைபடுகடாம்ல இருக்கு. செங்கம் பக்கத்து நன்னன்கிற குறுநில மன்னன்கிட்ட பரிசு வாங்கப் போற கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கனவே போய்ட்டு வந்தவன் வழி சொல்ற பாட்டு அது. கவலைங்கள்ல மராமரத்தடியில சாமி இருக்கும், போற ஊர் பேரு தெரியணும்னு அங்க கல்லுல பொறிச்சு எழுதி வச்சிருப்பாங்கன்னு வருது. அப்பட்டமான சைன்போர்டு! ஊர் பேரு, பிரியுற இடம், எல்லாம் இருக்கு. எழுத்து இல்லாத எடத்துக்கும் வழி சொல்லியிருக்கான், பிரியுற சந்துல புல்ல முடிச்சு போட்டுட்டு போங்க, பின்னால வர்றவங்களுக்கு எந்த பக்கம்னு தெரியும்னு. நம்ம ஆளுங்க இன்னைக்கும் கல்யாண வீட்டுக்கு வழி தெரியட்டும்னு சிம்பாங்குக்கு சிம்பாங் கலர் ரிப்பனும் அட்டையும் கட்டி விடுறாங்களே, அதே வேலதான்.

இவ்வளவு நல்ல வார்த்தையா இருந்தாலும் கவலைய திரும்ப ரோட்டுக்கு கொண்டு வரணும்னு நான் சொல்ல மாட்டேன். "எச்சரிக்கை, முன்னால் கவலை"ன்னு போர்டு வச்சா எவனும் காடிய எடுக்க மாட்டான்.

அப்ப என்னதான் எழுதுறது? வாயால பேசும்போது சிம்பாங்குன்னே சொல்லிட்டு போங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, நூறு வருசத்துக்கு மேல நம்ம வாயில ஊறுன வார்த்தை. எழுதும்போது நம்ம பேப்பருங்கள்ல வர்ற சாலை சந்திப்பு போதும், சிக்னல் இருந்தா சமிக்ஞை விளக்கு சந்திப்புன்னு எழுதுறாங்க. சிம்பாங் தீகா முச்சந்தி, சிம்பாங் அம்பாட் நாற்சந்தி, இது ரெண்டுலயும் சண்டையே இல்ல. பெரிய ரோட்டுலருந்து சின்ன ரோடு பிரியுற போர்டுக்கு கிளைச்சாலைன்னு எழுதுனா இந்த நாட்டுல யாருக்கும் புரியும், விலக்கு அளவுக்கு ருசி இல்ல, ஆனா சிரிப்பு வராது. ஒய் எழுத்துல பிரியுறதுக்கு கவர்ச்சாலைன்னு வச்சுக்கலாம், அங்க மட்டுமாவது அந்த பழைய வேர் பொழச்சு கெடக்கட்டும். புலாத்தான்னா வட்டம், சுற்றுவட்டம்னு எழுதலாம், அதுல நுழையும்போது வலது பக்கத்துலருந்து வர்றவனுக்குத்தான் வழி, இத மட்டும் எந்த மொழில படிச்சாலும் மறக்கக் கூடாது. பெர்சிம்பாங்ஙான் பெர்திங்காட்டுக்கு மேம்பாலச் சந்திப்பு.

சிம்பாங்ல தரையில மஞ்சள் கோடு குறுக்கும் நெடுக்குமா போட்ட கட்டம் இருக்கும்ல, அது பேரு பேத்தாக் கூனிங், மஞ்சள் கட்டம்னே தமிழ்ல சொல்லிரலாம். அந்தப் பக்கம் வெளிய போக எடம் இருந்தாதான் உள்ள நுழையணும், பச்சை எரிஞ்சாலும் சரி. நம்ம டவுன்ல சாயங்காலம் பசார் மாலாம் (ராத்திரி சந்தை) நாள்ல அதுக்கு உள்ள நாலு மோட்டார், ஒரு லோரி, ஒரு ஐஸ் வேன் நிக்கும், பக்கத்து வீட்டு பொண்ணு டிரைவிங் மாஸ்டர் கூட மொத தடவ வந்தப்ப வெளிய கோட்டுக்கு முன்னாலயே நின்னுச்சாம், பின்னால இருந்தவன் ஹார்ன் அடிச்சு தீத்துட்டான், மாஸ்டர் கண்ணாடிய எறக்கி "எல் போர்டு தெரியலியா தம்பி"ன்னாராம்.