‘ஆன்டிபாடி புரொஃபைல்’: எதிர்ப்பொருட் பாங்கு

தமிழக-கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் ‘எதிர்ப்பு சக்தி’, அந்தப் பக்கம் ‘பிரதிரோத சேஷி’. கொரோனா காலத்தில் இரண்டு பக்கமும் ‘ஆன்டிபாடி’யை இந்தப் பொருளில்தான் புழங்கினார்கள். அது பிழை. எதிர்ப்பு சக்தி உடலின் முழுத் திறன். தொற்றிய செல்களை அழிக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்கும் அதில் பங்குண்டு. ஆன்டிபாடி, பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளணுவின் வழிவந்த செல்கள் சுரக்கும் ஒய் வடிவப் புரதம் மட்டுமே.

சொல் ஜெர்மன் மொழியில் பிறந்தது. 1890இல் பேரிங், கிட்டசாட்டோ என்ற ஆய்வாளர்கள், டெட்டனஸ் நஞ்சை முறிக்கும் ஆற்றல் இரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் இருப்பதைக் காட்டினார்கள். 1891இல் பால் எர்லிக் ‘ஆன்டிகோர்ப்பர்’ என்று எழுதினார். கோர்ப்பர் என்றால் உடல். பொருள் என்றும் கொள்ளலாம். ஆகவே ‘எதிருடல்’ ஒவ்வாது. ஈழத்தில் வழங்கும் ‘பிறபொருளெதிரி’ அழகான ஆக்கம்தான், ஆனால் ஓரிடத்தில் இடறுகிறது. சில ஆன்டிபாடிகள் பிறபொருளை விட்டுவிட்டு நம் உடலின் பொருளையே தாக்கும். 2020இல் வெளியான ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேருக்கு, வைரஸைத் தடுக்க உடலே சுரக்கும் இன்டர்ஃபெரானை முடக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. இவற்றையும் அடக்குவது தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘எதிர்ப்பொருள்’. அதையே பரிந்துரைக்கிறோம்.

இனி ‘புரொஃபைல்’. லேபில் லிப்பிட் புரொஃபைல் எடுத்தவருக்கு இது எளிது: மொத்தக் கொழுப்பை மட்டும் பார்த்து மருத்துவர் முடிவு சொல்வதில்லை, நல்லது எவ்வளவு கெட்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார். எதிர்ப்பொருளிலும் அப்படியே. ஐஜிஎம், ஐஜிஜி, ஐஜிஏ ஆகிய எதிர்ப்பொருள் வகைகளில் எது, எப்போது, வைரஸின் எந்தப் புரதத்துக்கு எதிராக என்ற சேர்க்கைதான் புரொஃபைல். ‘பாங்கு’ என்பது பொருந்தும்.

எதிர்ப்பொருள் கூடினால் நோய் லேசாகும் என்பது பரவலான எண்ணம். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ்: கடுமையாக நோயுற்றுத் தேறியவர்களிடமே அளவு அதிகம், ஏனெனில் வைரஸ் அவர்கள் உடலில் மிகுதியாகப் பெருகியிருக்கும். தரமும் முக்கியம். ஐஜிஜியின் வால்பகுதிச் சர்க்கரைச் சங்கிலியில் ஃபுகோஸ் என்ற சர்க்கரை இல்லாவிட்டால், அது கிருமிகளை விழுங்கும் நுரையீரலின் மேக்ரோஃபேஜ் செல்களை மிதமிஞ்சித் தூண்டி அழற்சியை ஏற்றிவிடும். கடும் நோயாளிகளிடம் இவ்வகை கூடுதலாகக் காணப்பட்டது.

அறிக்கையைப் படிக்கும்போது, அளந்தது வைரஸின் கூர்ப்புரதமான ‘எஸ்’ஸுக்கு எதிரானதா, உட்புரதமான ‘என்’னுக்கு எதிரானதா என்று பாருங்கள். கோவிஷீல்டு தடுப்பூசி ‘எஸ்’ஸுக்கு மட்டுமே எதிர்ப்பொருள் தரும். கோவேக்சின் முழு வைரஸைச் செயலிழக்கச் செய்து ஆக்கியது. அதைப் போட்டவருக்கு ‘என்’னும் பாசிட்டிவாக வரலாம், அதை வைத்துத் ‘தொற்று வந்துபோனது’ என்று சொல்ல முடியாது. தொற்றிய முதல் வாரத்தில் நெகட்டிவ் வருவதும் இயல்பு. எதிர்ப்பொருள் உருவாக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால்தான் 2021இல் எல்லைச் சோதனைச்சாவடிகளில் வைரஸையே தேடும் ஆர்டிபிசிஆர் சோதனையின் முடிவைக் கேட்டார்கள். பாலக்காட்டு லேபின் எண்ணையும் கோயம்புத்தூர் லேபின் எண்ணையும் ஒப்பிடுமுன் இரண்டும் ஒரே அலகில், ஒரே புரதத்துக்கு எதிராக அளந்தவையா என்று பாருங்கள்.