ரெஸ்யூமே: ஓவியர் எழுத வேண்டிய குறிப்புக்குத் தமிழில் என்ன பெயர்?

இராமநாதபுரம் கரையோர ஊர்களில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் ‘பயோடேட்டா அடிக்க வேண்டும்’ என்றால், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், தாய்மொழி, திருமண நிலை என்று வரிசையாக ஒரு தாள் வந்துவிடும். வேலைக்கும் அந்தத் தாள்தான். வரன் பார்ப்பதற்கும் ஏறத்தாழ அதே தாள்தான். ஓவியமும் சிற்பமும் பயின்ற நம் பிள்ளைகள் கண்காட்சிக்கு விண்ணப்பிக்கும்போதும் இதையே அனுப்புவதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். ஏனெனில் அவர்கள் வரைந்த ஓர் ஓவியத்தின் பெயர்கூட அதில் இருப்பதில்லை. அங்கே கேட்கப்படுவது ரெஸ்யூமே.

‘ரெஸ்யூமே’ பிரெஞ்சுச் சொல். ‘மீண்டும் எடுத்தல்’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் ‘சுருக்கிச் சொல்லப்பட்டது’ என்ற பொருளைப் பெற்றது. பிரான்சில் இன்றும் அதற்குச் சுருக்கம் என்பதே பொருள். வேலைக்கு அனுப்பும் தாள் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வழக்கில் ஊன்றியது. சி.வி. என்று சுருக்கி வழங்கும் ‘கரிக்குலம் வீட்டே’ என்னும் இலத்தீன் தொடருக்கு ‘வாழ்க்கையின் ஓட்டம்’ என்பது பொருள். ஓவியர்களின் நடைமுறையிலும் இந்த வேர்ப்பொருளின் சாயல் உண்டு: பின்னது எல்லாப் பணிகளையும் விடாமல் சொல்லும் நீண்ட பட்டியல், முன்னது கேட்பவருக்கு வேண்டியதை மட்டும் தேர்ந்து ஓரிரு பக்கத்தில் அடக்குவது.

தமிழில் சுயவிவரம், தன்விவரக் குறிப்பு, தற்குறிப்பு என மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலிரண்டும் நன்கு பரவியவை. ஆனால் சுயமும் விவரமும் வடசொற்கள். தன் + குறிப்பு = தற்குறிப்பு என்பது தூய தமிழ்ப் புணர்ச்சிதான், எனினும் எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாமல் கீறல் இடுபவரைத் ‘தற்குறி’ என்பது நம் வழக்கு. அதோடு, தற்குறிப்பேற்ற அணி என்பது இயல்பாக நிகழ்வதன்மேல் புலவர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது. மதில்மேல் காற்றில் அசைந்த கொடியை ‘வராதே’ என்று கைகாட்டியதாகப் பாடுவது போல. செய்யுளுக்கு அழகு தரும் அந்த ஏற்றம் இந்தத் தாளில் நுழையவே கூடாது: பத்துப் பேரோடு பங்கேற்ற குழுக் கண்காட்சியைத் தனிக் கண்காட்சி போல எழுதினால், அதைக் கண்டுகொள்ளும் தேர்வாளர் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்.

மூன்று சொற்களும் ‘தன்’னையே முன்னிறுத்துகின்றன. ஓவியரின் தாளிலோ படைப்பே முன்னிற்க வேண்டும். இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட போர்க்காட்சிகளையும் இராமாயணக் காட்சிகளையும் இன்றும் நின்று பார்க்கிறோம்; தீட்டிய கைகளைப் பெயர் சொல்லி அறியோம், அவர்கள் செய்த பணியை அறிவோம். ஆகவே ‘கலைப்பணிக் குறிப்பு’ என்பதே பொருத்தம் என்பது என் துணிபு. பணி என்னும் சொல்லுக்குத் தொழில், தொண்டு ஆகியவற்றோடு அணிகலன் என்ற பொருளும் இருப்பது கலைஞருக்கு இன்னும் இசைவானது.

அக்குறிப்பில் பெயரும் தொடர்பு முகவரியும் கல்வியும் சில வரிகளில் முடிந்துவிட வேண்டும். கும்பகோணத்திலோ சென்னையிலோ அரசு கவின் கலைக் கல்லூரியில் பயின்றிருந்தால் பட்டம், பிரிவு, ஆண்டு மட்டும் போதும், மதிப்பெண் வேண்டாம். அதன்பின் தனிக் கண்காட்சிகள், குழுக் கண்காட்சிகள், விருதுகளும் நல்கைகளும் (நிதியுதவிகளும்), படைப்புகள் இடம்பெற்ற சேகரிப்புகள் என்று தனித்தனித் தலைப்புகளில், அண்மைய ஆண்டு முதலில் வருமாறு எழுத வேண்டும். நீண்ட பட்டியலிலிருந்து சிலவற்றை மட்டும் எடுத்திருந்தால் ‘தேர்ந்த கண்காட்சிகள்’ என்று தலைப்பிடுவதே நேர்மை.

நம் பக்கத்துக் கலைஞர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது, பிறர் கேட்டுச் செய்துகொடுத்த பணிகளை. பாம்பனில் படகுக்குப் பெயரும் படமும் எழுதுபவர், தேவாலயச் சுவரில் வரைந்தவர், இராமேசுவரத்தில் சங்கும் சிப்பியும் கொண்டு உருவம் சமைப்பவர் யாவரும் அதைக் கூலி வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காட்சியறைக்கு வெளியே, பொதுமக்கள் நாள்தோறும் பார்க்கும் இடத்தில் இருப்பதாலேயே அதற்குத் தனி மதிப்பு உண்டு. ‘ஏற்றுச்செய்த பணிகள்’ என்ற தலைப்பின்கீழ் ஆண்டு, படைப்பு, இடம், ஊடகம் (எதன்மேல் எதைக் கொண்டு செய்தது), அளவு என்னும் வரிசையில் அதை எழுதலாம். அளவில் உயரம் முதலில், அகலம் பின்னர். எடுத்துக்காட்டாக: 2023, சுவரோவியம், தேவாலய முகப்பு, தங்கச்சிமடம், சுண்ணச் சுவரில் அக்ரிலிக் வண்ணம், 240 × 360 செ.மீ.